பூராடத்தின் அருகே ஒரு முறைக்காய்ச்சல்

(எமது கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்கு செய்த விஞ்ஞான மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ உயர் குருதி அமுக்கத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவற்றைப் பற்றி நாம் தினமும் பேசுகிறோம். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள், பிறகு வீட்டுக்குப் போய் இரண்டு கரண்டி சீனி போட்டுத் தேநீர் குடிப்பார்கள். எனவே இன்று வேறொரு நோயாளியைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினோம். இந்த நோயாளி வானத்தில் இருக்கிறார். கிட்டப் போக முடியாது, தொட்டுப் பார்க்க முடியாது, கேள்வி கேட்கவும் முடியாது. ஆனால் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் வருகிறது. எக்ஸ் கதிர் வெடிப்பு என்று அதற்குப் பெயர்.

எக்ஸ் கதிர் எம்மவருக்குப் புதிதல்ல. 1895 இல் ஜேர்மனியில் றொன்ட்ஜன் அதைக் கண்டுபிடித்தார். இன்று நெஞ்சுப் படம் எடுக்காமல் ஒரு வாட்டில் ஒரு நாள்கூடப் போகாது. வைத்தியசாலையில் நாம் கதிரை நோயாளியின் ஊடாகச் செலுத்தி, மறுபுறத்தில் விழும் நிழலைப் பார்க்கிறோம். வானத்தில் அப்படியல்ல. அங்கே நோயாளியே கதிரை வீசுகிறார். நாம் அதை வாங்கிக்கொள்ள மட்டுமே முடியும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. எமது தலைக்கு மேலே உள்ள காற்று முழுவதையும் எடைபோட்டால் ஏறத்தாழ 10 மீற்றர் ஆழமான நீருக்குச் சமம். அந்தத் தடிப்பைத் தாண்டி விண்வெளி எக்ஸ் கதிர் தரைக்கு வராது. உயிர்கள் பிழைத்திருக்க அது நல்லது. ஆனால் பார்க்க விரும்புபவர் மேலே போயாக வேண்டும். 1962 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழுவினர் ஒரு றொக்கெற்றில் கருவிகளை ஏற்றி அனுப்பினார்கள். சந்திரனிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்ப்பதே நோக்கம். சில நிமிடங்களே நீடித்த அந்தப் பறப்பில், விருச்சிக ராசியின் திசையில் இருந்து எவரும் எதிர்பாராத அளவு கதிர் வருவது தெரிந்தது. 1970 டிசெம்பர் 12 ஆம் திகதி, கென்யாவின் கரைக்கு அப்பால் கடலில் அமைந்த மேடையில் இருந்து எக்ஸ் கதிருக்கென்றே ஒரு செய்மதி ஏவப்பட்டது. அன்று கென்யாவின் சுதந்திர தினம். ஆகவே அதற்கு உஹூரு என்று பெயர் வைத்தார்கள். சுவாகிலி மொழியில் விடுதலை என்று பொருள். அந்தத் திட்டத்தை முகாமை செய்தவர் மார்ஜரி டவுன்சென்ட் என்ற பெண் பொறியியலாளர் என்பதை இந்த மண்டபத்தில் சொல்லாமல் விடக்கூடாது.

இனி நோயாளியிடம் வருவோம்.

ஆடி, ஆவணி மாதத்து முன்னிரவில் தெற்கு வானத்தைப் பாருங்கள். விருச்சிகத்தின் வளைந்த வாலுக்குக் கிழக்கே தனுசு இருக்கிறது. அதில் உள்ள பூராட நட்சத்திரத்தைச் சாதகக் குறிப்பில் மட்டும் கண்டவர்கள் ஒருமுறை வானத்திலும் பார்க்க வேண்டும். பூராடத்தின் அருகே, ஒரு பாகைக்கும் குறைவான இடைவெளியில், உருண்டையான ஒரு நட்சத்திரக் கூட்டம் உண்டு. அதன் பட்டியல் எண் என்.ஜி.சி. 6624. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, சிறிய தொலைநோக்கியில் மங்கலான புகைபோலத் தெரியும். ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது.

1975 செப்டெம்பரில் ஏ.என்.எஸ். என்ற நெதர்லாந்துச் செய்மதி அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே எக்ஸ் கதிர் வீசும் ஒரு புள்ளி இருப்பது முன்பே தெரியும். அந்தப் புள்ளி திடீரென்று பல மடங்கு பிரகாசமானது. ஏறுவதற்கு ஒரு செக்கன்கூடச் செல்லவில்லை. இறங்குவதற்குப் பத்துச் செக்கன் அளவு எடுத்தது. பிறகு பழையபடி அமைதி. சில மணித்தியாலங்களின் பின் மீண்டும் அதேபோல ஒன்று. அமெரிக்கரான ஜோனதன் கிரின்ட்லேயும் நெதர்லாந்தைச் சேர்ந்த ஜோன் ஹைஸேயும் தமது சகாக்களுடன் 1976 இல் இதனை வெளியிட்டார்கள். அணுகுண்டுப் பரிசோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா அனுப்பியிருந்த வேலா செய்மதிகளின் பதிவுகளிலும் இத்தகைய வெடிப்புகள் இருப்பதை வேறொரு குழுவினர் அதே காலத்தில் கண்டார்கள். வேலா செய்மதி ஒன்று 1969 இலேயே இப்படியொரு வெடிப்பைப் பதிவுசெய்திருந்தது. அது எந்த வகை நிகழ்வு என்பது பல வருடங்களின் பின்னரே புரிந்தது.

அறிகுறி கிடைத்துவிட்டது. இது என்ன நோய்?

முதலில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அந்த நட்சத்திரக் கூட்டத்தின் நடுவே ஒரு பெரிய கருந்துளை இருக்கலாம் என்பது. அது அறிவற்ற ஊகம் அல்ல. கையில் இருந்தது வெடிப்பின் உயரமும் வேகமும் மட்டுமே. அவற்றுக்கு அதுவும் பொருந்தியது. நோய் நிர்ணயத்தில் எமக்கும் இது பழகிய நிலைமை. காய்ச்சல் 103 பாகை என்று மட்டும் சொன்னால் எந்த வைத்தியராலும் நோயைச் சொல்ல முடியாது. நாம் கேட்கும் அடுத்த கேள்வி, "விட்டுவிட்டு வருகிறதா? எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை?" என்பதாகும்.

எமது பாட்டிமார் மலேரியாவை முறைக்காய்ச்சல் என்றார்கள். அந்தப் பெயரிலேயே நோய் நிர்ணயம் இருக்கிறது. மலேரியாவின் ஒரு வகையில் 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை காய்ச்சல் வரும். இன்னொரு வகையில் 72 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. இடைப்பட்ட நேரத்தில் நோயாளி எழுந்து நடமாடுவார், சுகம் வந்துவிட்டது என்பார். உள்ளேயோ செங்குருதிக் கலங்களுக்குள் ஒட்டுண்ணி சத்தமின்றிப் பெருகிக்கொண்டிருக்கும். கலங்கள் ஒரே நேரத்தில் வெடிக்கும்போது நடுக்கமும் காய்ச்சலும் வரும். 1934, 35 ஆம் ஆண்டுகளில் இந்தத் தீவில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோன நோய் இது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அந்த வெற்றியில், காய்ச்சல் இல்லாதபோதும் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருந்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அமைதியான நேரம் வெறுமையான நேரம் அல்ல என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பூராடத்தின் அருகே உள்ள நோயாளியின் கதையும் இதுதான்.

அவரது உடல்வாகை முதலில் பார்ப்போம். பெரிய நட்சத்திரம் ஒன்று தன் எரிபொருளைத் தீர்த்துவிட்டால் அதன் நடுப்பகுதி தன் பாரத்தாலேயே நொறுங்குகிறது. எந்தத் திணிவு வரைக்கும் அது நொறுங்காமல் தாக்குப்பிடிக்கும் என்ற கணக்கைச் செய்தவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930 இல் தமது 19 வயதில் பம்பாயில் இருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அந்தக் கணக்கில் இறங்கினார். சூரியனின் திணிவைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்பதே அந்த எல்லை. அதற்கு மேற்பட்டால் புரோத்தனும் இலத்திரனும் ஒன்றாக நெரிபட்டு நியூத்திரனாகும். அப்படி உண்டாவதே நியூத்திரன் நட்சத்திரம். சூரியனைவிடப் பாரம் கூடியது. குறுக்களவோ 20 முதல் 25 கிலோமீற்றர் வரைதான். யாழ்ப்பாண நகருக்கும் பருத்தித்துறைக்கும் இடைப்பட்ட தூரத்துக்குள் அடங்கிவிடும். அதில் ஒரு சீனிக்கட்டி அளவு எடுத்தால் பல கோடி தொன் நிறை இருக்கும். அதன் மேற்பரப்பில் ஈர்ப்பு, பூமியில் உள்ளதைப்போல பத்தாயிரம் கோடி மடங்குக்கும் மேல்.

இந்த நோயாளி தனியாக இல்லை. அருகே ஒரு துணை நட்சத்திரம் சுற்றுகிறது. பூராடத்தின் அருகே உள்ள சோடியில் ஒரு சுற்றுக்கு 11 நிமிடத்தைவிடச் சற்றே கூடுதலான நேரம்தான் செல்கிறது. அதாவது அங்கே ஒரு வருடம் என்பது எமது பாடசாலை இடைவேளையைவிடக் குறுகியது. அவ்வளவு நெருக்கத்தில் துணையின் வாயுவை நியூத்திரன் நட்சத்திரம் இழுத்துக்கொள்கிறது. பெரும்பாலான சோடிகளில் அந்த வாயு ஐதரசனும் ஈலியமும் கலந்தது; இந்தச் சோடியில் ஈலியமே முதன்மையானது. வாயு நேராக விழாது. தண்ணீர்த் தொட்டியின் துவாரத்தைச் சுற்றிச் சுழன்று இறங்கும் நீர்போல ஒரு தட்டாகச் சுழன்று, பிறகு மேற்பரப்பில் விழும். விழும் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழப் பாதி.

இங்கே தங்கைமாருக்கு ஒரு சிறு கணக்கு. தென்னையில் இருந்து தேங்காய் விழுகிறது. தரையில் மோதும்போது வெளிவரும் சக்தி மிகச் சிறிது. அதே தேங்காயின் பொச்சையும் சிரட்டையையும் அடுப்பில் வைத்தால் ஒரு சட்டி சோறு காய்ச்சலாம். பூமியில் விழுவதால் வருவது சிறிது, எரிவதால் வருவது பெரிது. நியூத்திரன் நட்சத்திரத்தில் இது தலைகீழ். அங்கே ஒரு கிராம் வாயு விழும்போது வெளிவரும் சக்தி, அதே ஒரு கிராம் கரு இணைவால் எரியும்போது வருவதைப்போல 40 முதல் 100 மடங்கு வரை பெரியது. ஆகவே வாயு விழுந்துகொண்டிருக்கும் வரை ஓயாத ஒரு வெளிச்சம் இருக்கும். அதுதான் இரு வெடிப்புகளுக்கு இடையே தெரியும் சாதாரண எக்ஸ் கதிர்.

விழுந்த வாயு எங்கே போகிறது? போக இடமில்லை. மேற்பரப்பிலேயே படிகிறது. மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் படை தடிக்கிறது. மேலே உள்ளது கீழே உள்ளதை நெருக்க, அமுக்கமும் வெப்பநிலையும் கூடுகின்றன. படை சில மீற்றர் தடிப்பானதும் அதன் அடியில் ஈலியம் இணைந்து காபனாகத் தொடங்குகிறது. இந்த இணைவு வெப்பத்துக்கு மிகமிக உணர்ச்சியுள்ளது. வெப்பநிலை சிறிது கூடினால் எரியும் வேகம் பன்மடங்கு கூடும்.

சூரியனிலும் கரு இணைவு நடக்கிறது. அது ஏன் இப்படி வெடிப்பதில்லை? எமது உடலுக்குச் சூடு ஏறினால் வியர்த்துக் குளிர்வதுபோல, சூரியனின் நடுப்பகுதி சூடேறினால் விரிந்து குளிர்ந்துகொள்ளும். நியூத்திரன் நட்சத்திரத்தின் மேலுள்ள படையோ மெல்லியது. அது சிறிது விரிந்தாலும் அதன்மேல் உள்ள பாரம் குறைவதில்லை. ஆகவே குளிர வழியில்லை. வியர்க்க முடியாத உடலில் ஏறும் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு வேகத்தைக் கூட்ட, வேகம் சூட்டைக் கூட்ட, ஒரு செக்கன் அளவில் நெருப்பு நட்சத்திரம் முழுவதும் பரவிவிடும். வெப்பநிலை 2 கோடி பாகையைத் தாண்டும். உச்சத்தில் பல்லாயிரம் சூரியன்களின் பிரகாசம். பிறகு எரிபொருள் முடிந்து மெல்லக் குளிரும். நட்சத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது. சாம்பல் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். அதன்மேல் புதிய வாயு படியத் தொடங்கும்.

இப்போது ஒரு கேள்வி எழ வேண்டும். எரிவதால் வருவது விழுவதால் வருவதில் நூறில் ஒரு பங்கு அளவுதான் என்றால், வெடிப்பு எப்படிக் கண்ணைப் பறிக்கிறது? பதில் எமது வீட்டு உண்டியலில் இருக்கிறது. மாதம் முழுவதும் வந்து செலவாகும் பணத்தோடு ஒப்பிட்டால் உண்டியலில் போட்ட சில்லறை சிறிது. ஆனால் மாதப் பணம் நாளுக்கு நாள் கரைகிறது. உண்டியல் ஒரே நிமிடத்தில் உடைகிறது. அந்த ஒரு நிமிடத்தில் மேசைமேல் கிடப்பது உண்டியல் காசுதான்.

இதிலிருந்துதான் நோய் நிர்ணயத்துக்கான சோதனையும் கிடைத்தது. வெடிப்பில் வந்த வெளிச்சம் முழுவதையும் கூட்டுங்கள். அதற்கு முன்னிருந்த அமைதியான மணித்தியாலங்களில் வந்த வெளிச்சம் முழுவதையும் கூட்டுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். விடை 40 க்கும் 100 க்கும் இடையே வந்தால் வெடித்தது படிந்த எரிபொருள்தான். பல நட்சத்திரங்களில் விடை அப்படியே வந்தது. வெடிப்பை மட்டும் அளந்திருந்தால் இந்த விடை கிடைத்திருக்காது. அமைதியையும் அதே கவனத்தோடு அளந்ததால்தான் கிடைத்தது. இன்றைய உரையில் ஒரு விடயத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவதானால் இதைக் கொண்டுபோகும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஆனால் எல்லா வெடிப்பும் ஒன்றல்ல. 1976 இல் எஸ்.ஏ.எஸ்.-3 என்ற செய்மதியின் உதவியோடு வால்டர் லூவினின் குழுவினர் ஒரு விசித்திரமான நட்சத்திரத்தைக் கண்டார்கள். அது சில செக்கன்களுக்கோ நிமிடங்களுக்கோ ஒருமுறை, சரமாலை வெடிபோல, வெடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு குறுகிய இடைவெளியில் எரிபொருள் சேர வழியில்லை. மேலே சொன்ன வகுத்தலைச் செய்தால் விடை பொருந்தவே இல்லை. உண்மையில் அங்கே வாயு ஒழுங்காக விழாமல், தேங்கித் தேங்கிக் கட்டிகட்டியாக விழுந்தது. பிறகு அதே நட்சத்திரத்தில் வழமையான எரியும் வெடிப்புகளும் இருப்பது தெரிந்தது. 1978 இல் எரிவதால் வருவதை முதலாம் வகை என்றும், கட்டியாக விழுவதால் வருவதை இரண்டாம் வகை என்றும் பிரித்தார்கள்.

இரண்டையும் வேறுபடுத்த இன்னொரு வழியும் உண்டு. அது இறங்குமுகத்தில் இருக்கிறது. எரிந்த மேற்பரப்பு குளிரும்போது அதன் எக்ஸ் கதிரின் தன்மை செக்கனுக்குச் செக்கன் மென்மையாகிக்கொண்டே போகும். கொல்லன் உலையில் இருந்து எடுத்த இரும்பு வெண்மையில் இருந்து மஞ்சளாகி, சிவப்பாகி ஆறுவதுபோல. இரண்டாம் வகையில் இந்தக் குளிர்ச்சி தெளிவாகத் தெரிவதில்லை. 1977 இல் ஜீன் சுவாங்க் என்ற பெண் விஞ்ஞானியும் சகாக்களும் நீண்ட வெடிப்பு ஒன்றை இப்படிச் செக்கன் செக்கனாக ஆராய்ந்து, குளிரும் பொருளின் அளவைக் கணித்தார்கள். ஆரை ஏறத்தாழ 10 கிலோமீற்றர் என்று வந்தது. அது நியூத்திரன் நட்சத்திரத்தின் அளவு. பெரிய கருந்துளை என்ற எண்ணத்துக்கு அதன்பின் இந்த வெடிப்புகளில் இடமில்லை. சுவாங்க் பின்னர், 1995 டிசெம்பரில் ஏவப்பட்ட றொஸ்ஸி என்ற எக்ஸ் கதிர்ச் செய்மதியின் பிரதம விஞ்ஞானியாகப் பணியாற்றினார். அந்தச் செய்மதி வெடிப்புகளின்போது வெளிச்சம் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை துடிப்பதைக் கண்டது. 4யூ 1728-34 என்ற நட்சத்திரத்தில் அது 363 தடவை. நட்சத்திரம் ஒரு செக்கனில் அத்தனை தடவை தன்னைத்தானே சுற்றுகிறது.

முறை தவறாத நோயாளி ஒருவரும் தனுசிலேயே இருக்கிறார். அவரது எண் ஜி.எஸ். 1826-24. வானியலாளர்கள் மணிக்கூட்டு வெடிப்பான் என்று செல்லமாக அழைப்பார்கள். 1990களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 5 மணித்தியாலம் 45 நிமிடத்துக்கு ஒருமுறை வெடித்தார். நாள் பார்த்து மருந்து கொடுக்கலாம் போன்ற ஒழுங்கு. சில வருடங்களில் இடைவெளி 4 மணித்தியாலத்தைச் சற்றே தாண்டிய அளவுக்குக் குறைந்தது. காரணம் வாயு முன்னிலும் வேகமாக விழத் தொடங்கியிருந்தது. உண்டியல் அதே உண்டியல். காசு விரைவாக விழுந்தால் விரைவாக நிரம்பும். 2019 ஓகஸ்ட் மாதத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள நைசர் என்ற கருவி, தனுசு ராசித் திசையில் உள்ள வேறொரு நியூத்திரன் நட்சத்திரத்தின் வெடிப்பைப் பதிவுசெய்தது. 20 செக்கனில், சூரியன் ஏறத்தாழப் பத்து நாளில் வெளியிடும் சக்தியை அது வெளியிட்டது.

தங்கைமாரே, இவ்வளவும் கேட்டபின் "இதனால் என்ன பயன், மிஸ்?" என்று கேட்பீர்கள். பூமியில் எந்த ஆய்வுகூடத்திலும் உண்டாக்க முடியாத அடர்த்தியில் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இந்தக் காய்ச்சல் அட்டைகளில் இருந்துதான் வாசிக்கிறார்கள். அது விஞ்ஞானத்தின் பயன். எமக்கு வேறொரு பயனும் உண்டு. அதைச் சொல்ல இன்னொரு பெண்ணை அறிமுகப்படுத்த வேண்டும்.

வட அயர்லாந்தில் 1950களில் ஒரு பாடசாலை. பொடியன்கள் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குப் போக, பெண்பிள்ளைகள் சமையல் வகுப்புக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு சிறுமியின் பெற்றோர் அதை ஏற்க மறுத்து முறையிட்டார்கள். அவளுக்கு ஆய்வுகூடத்தில் இடம் கிடைத்தது. பின்னர் யோர்க் நகரில் ஒரு பெண்கள் பாடசாலையில் பௌதிகவியலை விரும்பிப் படித்தாள். அவள்தான் ஜொசலின் பெல். 1967 இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, வானொலித் தொலைநோக்கி நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீற்றர் நீளமான கடதாசியில் கோடு வரைந்து தள்ளியது. அத்தனையையும் கண்ணால் பார்ப்பது அவரது வேலை. அதில் ஒரு சின்னக் கிறுக்கல் அவருக்கு உறுத்தியது. விடாமல் பின்தொடர்ந்தார். 1.3 செக்கனுக்கு ஒருமுறை துடிக்கும் நட்சத்திரம் அது. நியூத்திரன் நட்சத்திரம் என்பது வெறும் கணக்கல்ல, உண்மையில் உண்டு என்று உலகம் ஏற்றுக்கொண்டது அதன் பின்னர்தான். 1974 இல் அந்தக் கண்டுபிடிப்புக்கான நொபெல் பரிசு அவரது மேற்பார்வையாளருக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. 2018 இல் 30 இலட்சம் டொலர் பெறுமதியான விசேட பரிசொன்று அவருக்கு வழங்கப்பட்டது. அதில் ஒரு சதத்தையும் வைத்துக்கொள்ளாமல், பௌதிகவியல் ஆராய்ச்சியில் வாய்ப்புக் குறைந்த மாணவர்களின் உதவித்தொகைக்கே கொடுத்துவிட்டார்.

இதை எமது கல்லூரியின் நூற்றாண்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய தேவை இருக்கிறது. உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்கும் பிள்ளைகள் இங்கே குறைவு. வகுப்பில் நாலைந்து பேர் மட்டும் இருக்கும் வருடங்களில், இந்தப் பிரிவை நடத்தத்தான் வேண்டுமா, பிள்ளைகளை வேறு பாடசாலைக்கு அனுப்பிவிடலாமே என்ற பேச்சு எழுகிறது. பேசுபவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆசிரியர் கிடைப்பது கடினம், செலவு உண்டு, பெறுபேற்றுப் பட்டியலில் உயிரியல் பிரிவுதான் பிரகாசிக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை என்றால் டொக்டராக வரவேண்டும் என்பது எமது ஊரின் கணக்கு. வைத்தியராக இருந்துகொண்டு சொல்கிறோம்: எமது தொழில் நல்ல தொழில், ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரையும் அதற்கே கேட்பது சரியல்ல. நெஞ்சுப் படம் எடுக்கும் இயந்திரத்தை எமக்குத் தந்தவர் வைத்தியர் அல்லர்; ஒரு பௌதிகவியலாளர்.

நாலு பேர் மட்டும் இருக்கும் வகுப்பை வெறும் வகுப்பு என்று கணக்கிட வேண்டாம். பூராடத்தின் அருகே உள்ள நட்சத்திரத்தை அமைதியான நேரத்தில் பார்ப்பவருக்கு அங்கே எதுவும் நடப்பதாகத் தெரியாது. அந்த நேரத்தில்தான் எல்லாம் சேர்கிறது. வாயு விழுவதை நிறுத்திவிட்டால் அடுத்த வெடிப்பு பிந்தி வராது, வரவே வராது.

ஆகவே உலகெங்கும் உள்ள எமது சகோதரிகளிடம் இரண்டு விடயங்களைக் கேட்கிறோம். முதலாவது, நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியைக் கட்டிடத்துக்கு அல்லாமல், கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர்களைத் தொடர்ந்து வைத்திருப்பதற்காக ஒதுக்குவோம். பெயர்ப்பலகை வைக்க முடியாத செலவு அது, இருந்தாலும் செய்வோம். இரண்டாவது, வெளிநாடுகளில் விஞ்ஞானத் துறைகளில் இருப்பவர்கள் மாதத்தில் ஒரு மணித்தியாலம் இந்தப் பிள்ளைகளோடு இணையவழியில் பேசுங்கள். பேசுவதற்கு விடயம் இல்லை என்று எண்ண வேண்டாம். மூன்று செய்மதிகளின் பதிவுகளில் இருந்து 85 நட்சத்திரங்களின் 7,000 க்கும் மேற்பட்ட வெடிப்புகளைத் திரட்டிய பட்டியல் 2020 இல் வெளியாகியுள்ளது. எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு கணினியும் வரைபுத்தாளும் இருந்தால் 12 ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி மணிக்கூட்டு வெடிப்பானின் இடைவெளியைத் தானே அளந்துவிடலாம். அதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் மகள் "எனக்குப் பௌதிகவியல்தான் விருப்பம்" என்று சொன்னால், "அதைப் படித்து என்ன செய்யப்போகிறாய்?" என்று உடனே கேட்காதீர்கள். அன்று பாடசாலை வாசலில் போய் நின்ற அந்தப் பெற்றோரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆவணியில் மழை முகில் இல்லாத ஓர் இரவில் விளையாட்டுத் திடலுக்கு வாருங்கள். விருச்சிகத்தின் வாலையும் அதன் கிழக்கே பூராடத்தையும் காட்டித் தருகிறோம். கண்ணுக்கு அங்கே எந்த வெடிப்பும் தெரியாது. ஆனாலும் அங்கே இப்போதும் வாயு விழுந்துகொண்டிருக்கிறது, படை தடித்துக்கொண்டிருக்கிறது.